கடைசிக்கு வைத்த பெயர்

கிள்ளானில் உஷாராணியைக் கண்ணால் கண்டு அறிந்தவர்களைவிடக் காதால் கேட்டு அறிந்தவர்களே மிகுதி. துறைமுகத்துக்கு அருகில் ஒரு சரக்கு நிறுவனத்தில் எழுத்தராக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். அந்த அலுவலகத்தில் அவளோடு ஒரே அறையில் அமர்ந்திருந்தவர்களுக்குக்கூட அவள் முகம் இப்போது மங்கியிருக்கலாம். ஆனால் நேயர்கள் தொலைபேசி வழியே பேசி உற்றார் உறவினருக்கு வாழ்த்துச் சொல்லும் வானொலி நிகழ்ச்சியில், "வணக்கம், கிள்ளான்லருந்து உஷாராணி பேசுறேன்" என்று ஒலித்த குரலை மறந்தவர் இல்லை. இரவுச் சந்தையான பாசார் மாலாமில் அவள் கத்தரிக்காய் விலை கேட்டால் போதும். பக்கத்துக் கடையில் வடை சுட்டுக்கொண்டிருக்கும் பெண் கரண்டியை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பாள்.

"அக்கா, நீங்க ரேடியோ உஷாராணிதானே? கொரல் கேட்டதுமே தெரிஞ்சிருச்சு லா."

அந்தக் குரல் வானொலியில் ஒலிக்காமல் போய் ஆறாண்டாயிற்று. ஏன் இப்போதெல்லாம் பேசுவதில்லை என்று கேட்டவர்களுக்கு உஷாராணி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "என்னமோ அடைச்ச மாதிரியே இருக்கு. பேச முடியல."

அது சாக்கு அன்று. உண்மையிலேயே அடைத்தது. சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் உட்கார்ந்திருந்தது. வியப்பு என்னவென்றால், சோறு தடையின்றி இறங்கியது, காப்பியும் இறங்கியது. வாயில் ஒன்றுமில்லாமல் எச்சிலை மட்டும் விழுங்கும்போதுதான் அது தன் இருப்பைத் தெரிவித்தது. துறைமுகத்தில் சரக்குத்தூக்கி வண்டியின் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றிருந்த அவள் கணவர் சபாபதி, முதலில் அதை மீன் முள் என்று முடிவுகட்டினார். வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கச் சொன்னார். பழம் போனது, முள் போகவில்லை. பிறகு சீன வைத்தியரின் கசப்புக் கஷாயம், தேனில் குழைத்த திப்பிலி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்ட திருஷ்டி என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்துச் சலித்தார்கள்.

யாரிடமும் சொல்லாத அச்சம் ஒன்று அவளுக்கு இருந்தது. அலுவலகத் தோழி புனிதாவுக்கும் இப்படித்தான், தொண்டையில் ஏதோ உறுத்துகிறது என்றுதான் தொடங்கியது. ஓராண்டுக்குள் புனிதாவின் நாற்காலியில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். தனக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று உஷாராணி உள்ளூர நம்பினாள். ஆனாலும் மகள் ஷாமினியின் திருமணம் முடியட்டும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டாள். எதையும் கடைசிக்கு வைப்பது அவளுடைய இயல்பு.

திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில், ஒரு மாலை வேலை முடிந்து வந்த ஷாமினி, அம்மா சமையலறையில் கைவிளக்கை வாய்க்குள் அடித்துக்கொண்டு சின்னக் கண்ணாடியில் தொண்டையைத் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். உடனே கைப்பேசியை எடுத்து, தன் அலுவலகம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டுத்தான் காலணியைக் கழற்றினாள்.

மருத்துவர் மதுமிதா இளையவர். பேச்சில் அவசரம் இல்லாதவர்.

"சாப்பிடும்போது சிக்குதா ஆன்டி?"

"இல்லம்மா. சோறு நல்லா எறங்குது. சும்மா எச்சில் முழுங்கினாத்தான்."

"எடை கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சா நல்லாருக்கும்" என்றார் சபாபதி.

மெல்லிய குழாய் ஒன்று மூக்கு வழியே உள்ளே சென்றது. எதிரே இருந்த திரையில் தன் தொண்டையை உஷாராணி முதன்முறையாகக் கண்டாள். இளஞ்சிவப்பாக, ஈரமாக, மூச்சுக்கு ஏற்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நாடு முழுக்கக் கேட்ட குரல் இந்தச் சின்ன இடத்திலிருந்தா புறப்பட்டது என்று நினைத்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"கட்டி, புண்ணு ஒண்ணுமே இல்ல ஆன்டி. ரொம்பச் சுத்தமா இருக்கு."

"அப்ப நான் பொய் சொல்றேனாம்மா?"

"யாரு சொன்னா? அடைக்கிறது நெஜம். தொண்டையச் சுத்தி இருக்கிற தசை இறுகிப்போனா இப்படித்தான் இருக்கும். வயித்து ஆசிட் மேல வந்தாலும் இருக்கும். அதுக்கு மாத்திரை தரேன். சில பேருக்கு, கவலை, கோவம், துக்கம்னு எதையாவது உள்ளயே வச்சுக்கிட்டு இருந்தாலும் இறுகும். எல்லா நோவுக்கும் மனசுதான் காரணம்னு நான் சொல்லமாட்டேன். அதான் மொதல்ல கேமரா விட்டுப் பார்த்தேன்." பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "எப்ப ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்லம்மா."

"ஷாமினி பட்டம் வாங்குன வருஷம்" என்றார் சபாபதி, கூரையில் சுழலும் காற்றாடியைப் பார்த்தபடி.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒன்றுமில்லாதது கிள்ளான் வந்து சேரும்வரை தொண்டையிலேயே இருந்தது. மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. அன்றிரவு படுக்கையில்தான் அதற்குக் காரணம் அவளுக்கே பிடிபட்டது. புற்றுநோயாக இருந்திருந்தால் செய்தி கேட்டதும் மலர்விழி ஓடி வந்திருப்பாள். இத்தனை நாள் அவள் அஞ்சிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அந்த நோயை ஓரளவு எதிர்பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

மலர்விழி அவளுடைய ஒரே தங்கை. டெங்கிலில் வாழ்க்கைப்பட்டவள்.

இருவரும் வளர்ந்தது கம்போங் மேடானில், தகரக் கூரை போட்ட பலகை வீட்டில். அப்பா சோப்பு செய்யும் சவர்க்காரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர் மேல் எப்போதும் எலுமிச்சை வாசம் வீசும். அந்த வாசம் அறைக்குள் வந்துவிட்டால் அப்பா வந்துவிட்டார் என்று பொருள். வீட்டில் ஒரே வானொலிப் பெட்டி, ஆணியில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை பாட்டு கேட்டு அஞ்சலட்டை எழுதுவது அக்காவின் வேலை. தபால்பெட்டிவரை கொண்டுபோய்ப் போடுவது தங்கையின் வேலை. அறிவிப்பாளர் வாசிக்கும்போது, "கம்போங் மேடான் உஷாராணி, மலர்விழி" என்று இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டே வரும். அது ஒரே ஆளின் பெயர் என்று மூன்றாம் வீட்டு மலாய்க்காரப் பெண் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள். பிற்பாடு தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி வந்தபோது, சீனன் கடைக்கு முன்னால் இருந்த பொதுத் தொலைபேசியில் பத்துக்காசுகளைக் கைநிறைய வைத்துக்கொண்டு இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்பார்கள். இணைப்பு கிடைப்பதற்குள் மழை வந்துவிடும். நனைந்துகொண்டே நிற்பார்கள்.

காசு மிச்சப்பட்ட நாளில் அதே கடைக்கு எதிரே துருவிய ஐஸில் பாகும் ஜெல்லியும் சேர்த்த ஐஸ் கச்சாங் ஒரு கிண்ணம், இரண்டு கரண்டி. உஷாராணி சிவப்பு ஜெல்லித் துண்டுகளைத் தின்னமாட்டாள். ஒவ்வொன்றாகக் கிண்ணத்தின் ஓரத்துக்கு ஒதுக்கி, ஐஸெல்லாம் தீர்ந்த பிறகு நிதானமாகத் தின்பதற்கென்று வைத்திருப்பாள். அவள் தலை நிமிர்கிற நேரம் பார்த்து மலர்விழியின் கரண்டி அந்த ஓரத்தை வழித்துக்கொண்டு போய்விடும். "கடைசிக்குன்னு வச்சா கெடைக்காதுக்கா" என்பாள், வாய் நிறைய ஜெல்லியோடு.

ஷாமினி சைபர்ஜெயாவில் படித்த காலமெல்லாம் தங்கியிருந்தது அந்தச் சித்தி வீட்டில்தான். மலர்விழிக்குப் பிள்ளை இல்லை. காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் கட்டிக் கொடுத்து, மழையென்றால் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விட்டு, பரீட்சை நேரத்தில் தானும் விழித்திருந்து வளர்த்தாள். ஷாமினி பட்டம் பெற்ற வாரம், உஷாராணி வானொலியில் நன்றி சொல்லப் போவதாக எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தாள். மலர்விழி கேசரி கிண்டி, பக்கத்து வீட்டு நல்லம்மாளையும் அழைத்து உட்காரவைத்து, பெட்டியின் ஒலியைக் கூட்டிவைத்தாள்.

இணைப்பு கிடைத்தது. உஷாராணி முறையாகத் தொடங்கினாள்: கணவர், மாமியார், நாத்தனார்கள், கொழுந்தனார், அலுவலகத்தில் சம்பள முன்பணம் வாங்கித் தந்த மேலாளர், ஒருநாள் ஷாமினியின் பெட்டியை ஏற்றிச்சென்ற லோரி ஓட்டுநர். இனிப்பானதைக் கடைசிக்கு வைத்துத்தானே அவளுக்குப் பழக்கம். "கடைசியா, எல்லாரையும் விட முக்கியமா..." என்று அவள் மூச்சை இழுத்தபோது, "நேரமாயிருச்சு அக்கா, உங்க எல்லாருக்கும் வாழ்த்துகள்" என்றது அறிவிப்பாளரின் குரல். அடுத்த நொடி செய்தி.

தங்கை அழைப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். அக்கா அழைப்பாள் என்று தங்கை. இரண்டு வாரம் கழித்து யாரோ ஒருவர் வாயிலாகச் சொல் வந்து சேர்ந்தது: "ஊர்ல உள்ள பேரெல்லாம் வந்துச்சு, சோறு போட்டவ பேரு வரல." அதைக் கேட்டதும் உஷாராணியின் உள்ளம் இறுகியது. போட்ட சோற்றுக்கு அவள் கணக்குப் பார்க்கிறாளா? இனி விளக்கம் சொன்னால் அது கெஞ்சுவதாகும். அந்தப் பெயரை எப்படிச் சொல்வதற்கென்று வைத்திருந்தாள் என்பதைக் கணவரிடம்கூட அவள் சொல்லவில்லை. அந்த மாதத்தில்தான் மீன் முள்ளைத் தேடத் தொடங்கினார்கள்.

மருத்துவரைப் பார்த்துவந்த மூன்றாம் நாள் சனிக்கிழமை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் உஷாராணி வானொலி நிலையத்தின் எண்ணை அழுத்தினாள். வழக்கம்போல இணைப்பு கிடைக்கவில்லை, மீண்டும் மீண்டும் அழுத்தினாள், கடைசியில் கிடைத்தது.

"கிள்ளான் உஷாராணி அக்காவா? எங்க போயிருந்தீங்க இத்தன வருஷமா?"

இந்த முறை அவள் எதையும் கடைசிக்கு வைக்கவில்லை. "டெங்கில்ல இருக்கிற என் தங்கச்சி மலர்விழிக்கு" என்று தொடங்கினாள். பெயர் வெளியே வந்ததும் தொண்டை கயிறு போட்டு இழுத்தாற்போல் சுருங்கியது. "என் மக கல்யாணத்துக்கு... நீ வரணும்" என்பதைக் கரகரத்து முடித்தாள். அறிவிப்பாளர் பரிவோடு பாட்டைப் போட்டார். உஷாராணி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய அலுவலக நண்பர்கள் அழைத்தார்கள். பெயர் தெரியாத ஒரு மாது நிலையத்தில் எண் வாங்கி அழைத்து நலம் விசாரித்தார். டெங்கிலிலிருந்து மட்டும் அழைப்பு இல்லை.

மாலையில் வந்த ஷாமினி, விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள்.

"சித்தியக் கல்யாணத்துக்குக் கூப்பிட ரேடியோவாம்மா? வெத்தல பாக்கு எங்க, தட்டு எங்க? நாளைக்கு என் மாமியார இப்படிக் கூப்பிட்டா விடுவாங்களா?"

"அவ காதுல விழணும்னுதான்..."

"விழாதும்மா. சித்தி ஆறு வருஷமா ரேடியோவே போடுறதில்ல. பிரிட்ஜுக்கு மேல துணி போட்டு மூடி வச்சிருக்காங்க. நான் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்."

ஊரில் உள்ள அத்தனை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த பெயர், போய்ச் சேர வேண்டிய ஒரே வீட்டுக்குப் போகவில்லை. உஷாராணி எழுந்து பூசையறையில் இருந்த பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் துலக்கத் தொடங்கினாள்.

"என்னங்க, நாளைக்கு டெங்கில் போறோம்."

"சகலைக்கு நேத்தே சொல்லிட்டேன்" என்றார் சபாபதி. "நீ எப்பக் கெளம்புவேன்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

இரும்புக் கதவைத் திறந்தவர் மலர்விழியின் கணவர் குகன். "வாங்க சகல, வாங்கக்கா" என்று முகமெல்லாம் சிரித்தார். உள்ளே திரும்பி, "மலர், யாரு வந்திருக்காங்க பாரு" என்றார்.

"தெரியுது. வாசல்ல காடி வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு."

சிறிது நேரம் கழித்து மலர்விழி தண்ணீரோடு வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. "குடிங்க" என்றாள் அக்காவைப் பார்த்து. வாழ்நாளில் அக்காவை அவள் நீங்கள் என்று அழைத்தது அதுவே முதல் தடவை. உஷாராணி தண்ணீரைக் குடித்துவிட்டு, வெறும் எச்சிலை விழுங்கி, செருமினாள்.

"தொண்டையா? ஷாமினி சொன்னா."

"ம். டாக்டரு ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

"எனக்கு வயிறு. காஸ்ட்ரிக். எரியும். எனக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு."

"எப்பலருந்து?"

மலர்விழி தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். உஷாராணி கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். "எனக்கு இதான் குடுத்தாங்க." மலர்விழி அதை வாங்கிப் பார்த்தாள், உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே மாத்திரை. சின்ன வயதில் அம்மா ஒரே துணியில் இருவருக்கும் பாவாடை தைத்துப் போட்டது உஷாராணியின் நினைவுக்கு வந்தது.

"மருந்துக்கடைக்காரனுக்கு நம்ம குடும்பத்தால நல்ல வருமானம் சகல" என்றார் சபாபதி. குகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

மலர்விழி சிரிக்கவில்லை. "நேத்து ரேடியோல பேசுனீங்களாமே. நல்லம்மா அக்கா வந்து சொன்னாங்க."

"நீ கேக்கலியா?"

"ஒரு தடவ கேட்டது போதாதா? இதே நல்லம்மா அக்காவ உக்கார வச்சு, கேசரிய கையில குடுத்துட்டுக் கேட்டேன். லோரி டிரைவர் பேரு வந்துச்சு. அந்தாளு ஒரு பெட்டிய ஏத்துனாரு."

"உன் பேரக் கடைசிக்கு வச்சிருந்தேன் மலர்."

உஷாராணி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"கடைசியா, எல்லாரையும் விட முக்கியமான்னு ஆரம்பிச்சேன். நியூஸ் வந்திருச்சு."

மலர்விழி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாத்திரை அட்டைகளை மேசையில் நேராக அடுக்கினாள், கலைத்தாள்.

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ சோத்துக் கணக்குப் பேசினேன்னு சொன்னாங்க."

"பேசினேன். கோவத்துல பேசினேன். பேசுனது எனக்கே எரிஞ்சுச்சு, இன்னைக்கு வரைக்கும் எரியுது." நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "கடைசிக்கு வச்சா கெடைக்காதுன்னு ஒனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? ஒன் ஜெல்லிய எடுத்துத் தின்னு தின்னு காட்டுனேன்ல?"

"அதுக்குத்தான் தின்னியா?"

"பின்ன? புத்தி வரட்டும்னுதான்."

"வரலியே டி."

முதலில் மூக்கை உறிஞ்சியது மலர்விழி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஆண்கள் இருவருக்கும் விளங்கவில்லை. அதனால் கார் டயரைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனார்கள்.

வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், குங்குமம், அழைப்பிதழ், பச்சைப் பட்டுச் சேலை என்று நிறைந்திருந்த தட்டை உஷாராணி இரு கையாலும் எடுத்து நீட்டினாள். மலர்விழி உடனே வாங்கிவிடவில்லை.

"நலங்குக்கு எத்தன பேரு வராங்க?"

"சம்பந்தி வீட்டோட சேர்த்து மண்டபம் நெறைய வருவாங்க."

"எனக்கு எத்தனாவது எடம்?"

"மொதல்ல. நீ சந்தனம் தொட்டு வச்ச பிறகுதான் மத்தவங்க."

"ஒன் மாமியார் சும்மா இருப்பாங்களா?"

"அவங்களக் கடைசிக்கு வச்சிருக்கேன்."

மலர்விழி தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போகும்போது வாசல்வரை வந்தாள்; கார்க் கண்ணாடிக்குள் குனிந்து, நலங்கன்று தானே கேசரி கிண்டப் போவதாகவும் அதைக் கடையில் சொல்லி வாங்கிக் காசைக் கரியாக்கக் கூடாது என்றும் கட்டளை போட்டாள்.

செம்பனைத் தோட்டங்களைக் கடந்து கார் கிள்ளானை நோக்கிச் சென்றது. சபாபதி வானொலியை மெல்லிய ஒலியில் வைத்தார். செராஸிலிருந்து யாரோ ஒருவர் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"தொண்டை எப்படி?"

அந்தக் கேள்வி வரும்வரை அவள் அதை மறந்திருந்தாள். இப்போது விழுங்கிப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். இன்னொரு தடவை விழுங்கிவிட்டு, "ஓரமா ஒதுங்கி இருக்கு" என்றாள்.

அப்போது மடியில் கைப்பேசி ஒலித்தது. ஆறாண்டாக அழிக்காமல் வைத்திருந்த பெயர் திரையில் தெரிந்தது.

"அக்கா, கேக்க மறந்துட்டேன். அந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடச் சொன்னாங்களா, பின்னாடியா?"

"முன்னாடி. அரை மணி நேரம் முன்னாடி."

"அப்படியா? நான் இத்தன வருஷமா எல்லாம் தின்னு முடிச்சிட்டுக் கடைசியிலதான் முழுங்கிக்கிட்டிருந்தேன்."

உஷாராணி சிரித்தாள். பாசார் மாலாமில் யாரேனும் கேட்டிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அவ்வளவு தெளிவாக இருந்தது அந்தக் குரல்.